என் ஈயப்பற்றில் பிழையில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'சூரியப் புயல் வருகிறது, கைத்தொலைபேசிகளை அணைத்து வையுங்கள்' என்று ஒரு செய்தி வந்தது. அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் அணைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், தொலைபேசியை அரிசிப் பானைக்குள் புதைத்து மூடியும் போட்டுவிட்டா. கனடாவில் இருக்கும் அவவின் மகன் இரவு முழுக்க எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன நடந்ததோ என்று பதறி, விடியப்புறம் என்னுடைய இலக்கத்துக்கு அழைத்தார். நான் படலையைத் திறந்து போய், பானைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். இந்தக் கடிதம் எழுதக் காரணம் அதுதான்.

நான் விஞ்ஞானி இல்லை. நாற்பது வருசமாக றேடியோ திருத்துகிறவன். இப்போது றேடியோ கொண்டுவருகிற ஆட்கள் குறைவு. ரீவி, மின்விசிறி, தட்டு அன்ரெனா என்று காலம் போகிறது. ஆனால் சூரியனோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொன்னால் உங்கள் செய்தியில் எங்கே பிழை என்பதும் கூடவே வந்துவிடும்.

2003 ஐப்பசி. புதுக்குடியிருப்பில் அப்போது எனக்கு ஒரு சின்னக் கடை. தகரக் கூரை, முன்னுக்கு ஒரு மேசை, மேசையில் சோல்டரிங் அயன், ஈயக் கம்பி, பிஸ்கட் ரின்னுக்குள் பழைய ரான்சிஸ்டர்கள். சமாதான காலம் என்றபடியால் பற்றரி தாராளமாகக் கிடைத்தது. அதற்கு முந்தின பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் குந்தியிருந்து தைனமோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் அறிவிப்பாளரின் குரலும் களைக்கும்.

அந்தக் கிழமை கடையில் வேலை குவிந்து கிடந்தது. வடக்குக் கிழக்குக்குப் புலிகள் கேட்ட இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனைகள் வெளிவரப்போகின்றன என்று ஊரே செய்திக்குக் காத்திருந்தது. 31ஆம் திகதி அவை வெளிவந்தன. கந்தசஷ்டி விரதமும் அதே கிழமைதான். அதனால்தான் நாள் எனக்கு மறக்கவில்லை: 28ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம். வெறும் வயிறு.

ஒரு அண்ணை தன்னுடைய றேடியோவை எடுக்க வந்தார். அலைவரிசை மாற்றுகிற சுவிச்சில் பற்று விட்டிருந்தது. வடிவாகச் சுரண்டி, புதிதாக ஈயம் வைத்துத் திருத்தியிருந்தேன். முடுக்கிக் காட்டினேன். சிற்றலையில் மூன்று நிலையங்கள் கணீரென்று கேட்டன. அவர் காசு எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அந்த நேரம் பார்த்து றேடியோ செத்துப்போனது.

செத்தது என்றால் முழுதாக இல்லை. எஃப்.எம். வேலை செய்தது. மத்திய அலையில் ஏதோ முனகியது. சிற்றலை மட்டும் ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம் வரை வெறுமை.

"என்ன தம்பி, காசு குடுக்க முதலே போயிட்டுது?" என்றார்.

திரும்பக் கழற்றினேன். பற்றைத் தொட்டுப் பார்த்தேன், அயனைச் சூடாக்கி இன்னொரு தரம் வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஐமிச்சத்தில் என்னுடைய சொந்த றேடியோவை இறாக்கையிலிருந்து இறக்கிப் போட்டுப் பார்த்தேன். அதுவும் அப்படியே. கடை வாசலில் நின்ற இன்னொருவர், "அலையைக் குழப்புறாங்கள் போல கிடக்கு" என்றார். அண்ணை அதை ஏற்கவில்லை. "இவன் என்ரதையும் பழுதாக்கி, தன்ரதையும் பழுதாக்கிப்போட்டான்" என்று சொல்லிவிட்டு, 60 ரூபாவையும் தராமல் றேடியோவைத் தூக்கிக்கொண்டு போனார். விரதக்காரன் என்றபடியால் நான் வாய் திறக்கவில்லை. பொழுது படுகிற நேரம், ஒன்றுமே நடவாதது போல என் றேடியோவில் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

காரணம் தெரிய ஒன்பது வருசம் போனது. இடையில் 2009 வந்து கடையையும் பிஸ்கட் ரின்னையும் கொண்டுபோனது. அது வேறு கதை, இங்கே வேண்டாம். மீள்குடியேறிய பிறகு, 2012இல், மருமகனின் கணினியில் சும்மா தேடிக்கொண்டிருந்தபோது சூரியச் சுவாலைகளின், அதாவது சூரியனில் நடக்கும் திடீர் வெடிப்புகளின், பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. 2003 ஒக்ரோபர் 28, எக்ஸ் 17 வகைச் சுவாலை (எக்ஸ் என்றால் ஆகப் பெரிய வகை), உச்சம் கிறீனிச் நேரம் 11.10. அப்போதைய அரச நேரப்படி பின்னேரம் 5.10. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். என் ஈயப்பற்றில் பிழையில்லை!

இனி உங்கள் செய்திக்கு வருகிறேன். சூரியனிலிருந்து வருவது ஒரு சாமான் என்ற மாதிரி அதில் எழுதியிருக்கிறீர்கள். வருவது மூன்று விதம், மூன்று வேகம். சுவாலை வெடித்தவுடன் எக்ஸ் கதிரும் றேடியோ அலையும் ஒளியின் வேகத்தில் கிளம்பி 8 நிமிடம் 20 செக்கனில் இங்கே நிற்கும். அடுத்தது, வேகமாக எறியப்பட்ட துணிக்கைகள். அவை வரச் சில பத்து நிமிடங்களிலிருந்து மணித்தியாலங்கள் ஆகும். கடைசியாகத்தான் சூரியன் கக்கிய காந்தமும் வாயுவும் சேர்ந்த பெரிய முகில். அதற்கு ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நீங்கள் புயல் என்பது இந்தக் கடைசியை. 2024 மே 10ஆம் திகதி இரவு கனடாவில் எங்கள் பிள்ளைகள் முற்றத்தில் நின்று இளஞ்சிவப்பு வானத்தைப் படம் எடுத்து அனுப்பினார்களே, அது அந்த முகிலின் வேலை.

என் றேடியோவைக் கொன்றது முதலாவது. சிற்றலை தூரத்து நாட்டிலிருந்து வருவதே அயன் மண்டலத்தில், அதாவது மேல் வானத்தில் மின்னேறிய காற்றுத் தட்டுகளில், பட்டுத் தெறித்துத்தான். எக்ஸ் கதிர் அடித்தால் அந்த மண்டலத்தின் அடித்தட்டு, நிலத்திலிருந்து 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், தடித்துப் போகும். அலை மேலே போகும் வழியிலேயே உறிஞ்சப்படும். பகல் பக்கத்தில் மட்டும்தான் இப்படி. பொழுது பட்டால் அந்தத் தட்டே கரைந்துபோகும். அதனால்தான் என் நிலையங்கள் அந்தியோடு திரும்பின. எஃப்.எம். நேர்கோட்டில் வருவது, அயன் மண்டலத்தை நம்பியில்லை, தப்பிவிட்டது. இதில் எங்கேயாவது கைத்தொலைபேசியை அணைத்து வைக்கக் காரணம் இருக்கிறதா? உங்கள் செய்தி எழுதிய தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய குறை, நீங்கள் சூரியனின் றேடியோவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டது. சூரியன் எங்கள் றேடியோவை அடக்குவது ஒரு பக்கம். தானே ஒரு நிலையம் மாதிரி ஒலிபரப்புவது மறு பக்கம். இதை வன்னியில் தட்டு அன்ரெனா வைத்திருக்கிற எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள், தெரியாமலே. பங்குனி நடுப்பகுதியிலும் புரட்டாதிக் கடைசியிலும் சில நாட்களுக்கு, பகலில் சில நிமிடம் ரீவி படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். உடனே எனக்கு அழைப்பு வரும். 'ஏணியில் ஏறாதேங்கோ, பத்து நிமிசம் பொறுங்கோ' என்பேன். செய்மதிக்குச் சரியாகப் பின்னால் சூரியன் வந்து நிற்கும் நேரம் அது. தட்டு செய்மதியையும் சூரியனையும் சேர்த்துப் பார்க்கிறது, சூரியனின் இரைச்சலில் செய்மதியின் சத்தம் அமுங்கிப்போகிறது. அதுவும் சூரியன் சும்மா இருக்கும்போது போடுகிற இரைச்சல். சுவாலை வெடித்தால் சில அலைவரிசைகளில் அது ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு, அதற்கும் மேலே ஏறும்.

இதை முதலில் கண்டுபிடித்த கதை எங்கள் கடை வாசல் கதைதான். 1936ஐ ஒட்டிய வருசங்களில் ஹைட்மன் என்ற இங்கிலாந்துக்காரர், தொழிலுக்கு இல்லை, ஆசைக்கு றேடியோ வைத்திருந்தவர், சிற்றலை செத்துப்போவதற்குச் சற்று முன்னால் ஒரு விசித்திரமான இரைச்சல் எழும்புவதைக் கவனித்து எழுதினார். ஆள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பிறகு 1942 பெப்ரவரிக் கடைசியில் இங்கிலாந்துக் கரையோர ராடர்கள் எல்லாம் ஒரேயடியாக இரைச்சலில் மூழ்கின. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்புதான் ஜெர்மன் கப்பல்கள் ராடரைக் குழப்பிவிட்டு ஆங்கிலக் கால்வாய்க்குள்ளால் ஓடித் தப்பியிருந்தன. எதிரி திரும்பவும் குழப்புகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஹே என்ற ஆய்வாளர் ஒவ்வொரு ராடரும் எந்தத் திசையில் இரைச்சலைக் கேட்டது என்று அடுக்கிப் பார்த்தார். இரைச்சல் பகலில் மட்டும் இருந்தது, சூரியனோடு சேர்ந்து திசை மாறிக்கொண்டு போனது. அந்த நாட்களில் சூரியனின் நடுமுகத்தில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று நின்றது. யுத்த ரகசியம் என்று 1946 வரை அச்சில் வரவில்லை.

இன்னொருவரை எங்கள் சனத்துக்குச் சொல்ல வேணும். எலிசபெத் அலெக்சாண்டர். நிலவியல் படித்தவர். சிங்கப்பூரில் இருந்தார். 1942 ஜனவரியில் மூன்று பிள்ளைகளோடு நியூசிலாந்துக்குப் போனார், கொஞ்ச நாளில் திரும்பி வரலாம் என்று. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. கணவர் சிறைமுகாமில். கொஞ்ச நாளில் திரும்பலாம் என்று கிளம்பிய பயணம் எப்படி முடியும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளை வளர்க்க அவர் அங்கே ராடர் ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். 1945 மார்ச் கடைசியில் நோர்போக் தீவில் இருந்த விமானப்படை ராடரில், சூரியன் உதிக்கும்போது ஒரு இரைச்சல் ஏறியது. 200 மெகாஹேர்ட்ஸ். அவர் மற்ற நிலையங்களையும் பார்க்கச் சொல்லி, பதிவுகளை வாங்கிக் கோத்து, இது சூரியன்தான் என்று அந்த வருசம் ஓகஸ்டில் அறிக்கை எழுதினார். போர் முடிந்தது, கணவர் உயிரோடு வந்தார், எலிசபெத் தன் பழைய நிலவியலுக்கே திரும்பிவிட்டார். சூரியனின் றேடியோவை அதற்குப் பிறகு தொடவேயில்லை. இந்த மனுசியின் படத்தை ஒரு பள்ளிக்கூடச் சுவரில் பார்க்க எனக்கு ஆசை.

சரி, இரைச்சல் எங்கேயிருந்து வருகிறது? இது என் பேரன் கேட்ட கேள்வி. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். அவனுக்கு நான் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை வைத்துத்தான் சொன்னேன்.

சூரியனில் வாயு அவ்வளவு சூடு என்றபடியால் இலத்திரன்கள் கழன்று திரிகின்றன. அப்படியான வாயு காந்தப்புலத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். கரும்புள்ளிக்குள் காந்தம் எங்கள் நிலத்துக் காந்தத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பலமானது. அதன் கோடுகள் வளையம் வளையமாக மேலே எழும்பி நிற்கும். கீழே கொதிக்கிற வாயு அந்த வளையங்களின் கால்களைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருக்கும். காந்தக் கோடு என்பது படத்தில் போடுகிற கோடுதான், தொட்டுப் பார்க்கிற கயிறு இல்லை. ஆனாலும் முறுக்கு உண்மை, அதில் சேருகிற சக்தியும் உண்மை. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் குளத்தில் ஏறுவது மாதிரி நாள்கணக்கில் சேரும். கட்டு நிற்கும் வரை ஒன்றும் தெரியாது.

எதிரெதிர்த் திசைக் கோடுகள் இரண்டு ஒரு மெல்லிய இடைவெளியில் நெருக்கப்படும்போது கட்டு உடைகிறது. இரண்டும் அறுந்து, இதன் பாதி அதன் பாதியோடு போய்ச் சேருகிறது. இதைத்தான் காந்த மீளிணைப்பு என்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த கோடு கெற்றபோல் றப்பர் மாதிரி வளைந்து இழுபட்டு நிற்கும், நிமிரும்போது வாயுவை இரண்டு பக்கமும் எறியும். ஒரு பெரிய சுவாலையில் வெளிவருவது ஒன்றுக்குப் பின்னால் 25 சைபர் போட்ட அளவு யூல் சக்தி. ஜியோவனெல்லி என்ற அவுஸ்திரேலியர் 1946இலேயே இந்த யோசனையின் முளையைப் போட்டார். சுவீட்டும் பார்க்கரும் 1950களின் நடுவில் கணக்குப் போட்டார்கள். கணக்கில் ஒரு சிக்கல் வந்தது. அவர்களுடைய இடைவெளி நீளமானது, மெல்லியது. உள்ளே வந்த வாயு முழுக்க அந்த மெல்லிய வாயாலேதான் வெளியேற வேணும். இரணைமடுவின் வெள்ளத்தை வாய்க்காலுக்குத் தண்ணி விடுகிற துருசாலே இறக்கப் பார்க்கிற மாதிரி. அந்தக் கணக்கில் ஒரு சுவாலை முடிய மாதக்கணக்கு ஆகும். உண்மையான சுவாலை நிமிடக்கணக்கில் முடிகிறது. 1964இல் பெட்செக், துருசு இல்லை, வான்கதவு என்றார்: இணையும் இடம் சின்னது, வெளியேறும் வாய் விரிந்தது. இப்போதைய கணக்குகளில் இன்னொன்றும் தெரிகிறது. அந்த நீள இடைவெளி முழுசாக நிற்காது, பல இடத்தில் ஒரே நேரம் உடைந்து துண்டு துண்டாகும். 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இராது. "அம்மப்பா, வான்கதவை நேரத்துக்குத் திறந்திருந்தால்?" என்றான் பேரன். அந்த விவாதத்துக்கு உங்கள் பத்திரிகையில் வேறு பக்கம் இருக்கிறது.

அந்த இடத்தில் முடுக்கப்பட்ட இலத்திரன்கள் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒன்று, மூன்றில் ஒன்று என்ற வேகத்தில் ஓடும். ஓடுகிற வழியில் இருக்கிற வாயுவை உலுக்கும். வாயு எவ்வளவு அடர்த்தியோ அதற்கேற்ற மீடிறனில், அதாவது செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கில், அது பதில் சொல்லும். ஒரு கன சென்ரிமீற்றரில் 10 கோடி இலத்திரன் இருந்தால் 90 மெகாஹேர்ட்ஸ், எங்கள் எஃப்.எம். தொடங்குகிற இடம். 50 இலட்சம் என்றால் ஏறக்குறைய 20 மெகாஹேர்ட்ஸ், சிற்றலை. மேலே போகப் போக வாயு ஐதாகும், சுருதி இறங்கும். கிணற்றடியில் குடம் நிரம்பும்போது சத்தம் கீழிருந்து மேலே ஏறுமே, அதை மறுபக்கமாக நினைத்துப் பாருங்கள். சில செக்கனில் நூற்றுக்கணக்கான மெகாஹேர்ட்ஸிலிருந்து பத்துக்கணக்குக்கு வழுக்கி விழும். அவுஸ்திரேலியாவில் பென்றித்தில் 1949இல் போல் வைல்ட் இதைக் கருவியில் பிடித்து, மூன்றாம் வகை என்று பெயர் வைத்தார். இரண்டாம் வகை மெதுவாக, பல நிமிடம் எடுத்து இறங்கும். செக்கனுக்கு 1,000 கிலோமீற்றர் அளவில் போகிற அதிர்ச்சி அலையின் சத்தம் அது. முதலாம் வகை, கரும்புள்ளிக்கு மேலே மணிக்கணக்கில், நாள்கணக்கில் கேட்கிற படபடப்பு.

எனக்குப் பிடித்த விசயம் இது. சில வேளை ஒரே கணத்தில் இரண்டு வழுக்கல் தெரியும். ஒன்று சுருதி இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. ஒரு கூட்டம் இலத்திரன் மேலே ஓட, இன்னொரு கூட்டம் கீழே சூரியனை நோக்கி விழுகிறது. இரண்டும் பிரிகிற மீடிறன் எதுவோ அந்த உயரத்தில்தான் கட்டு உடைந்தது. நாங்கள் பலகையில் மீற்றரை வைத்துத் தடம் தடமாகத் தேடி, இந்தப் பக்கம் வோல்ற் இருக்கு, அந்தப் பக்கம் இல்லை, பழுது இதுக்குள்ளதான் என்று பிடிக்கிறதும் இதே வேலைதான். 2017 செப்ரம்பர் 10ஆம் திகதி சுவாலையைக் கலிபோர்னியாவில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் 13 அன்ரெனாக்கள் நுண்ணலையில் படமாகவே எடுத்தன. கோடுகள் அறுந்து சேருகிற அந்த இடத்தில் காந்தம் எவ்வளவு என்று அளந்து 2020இல் வெளியிட்டார்கள்.

இதனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1967 மே 23இல் அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கை ராடர்கள் சூரிய இரைச்சலில் மூழ்க, ரஷ்யாதான் குழப்புகிறது என்று நினைத்துக் குண்டு விமானங்களை ஆயத்தப்படுத்தும் அளவுக்குப் போனார்கள். சூரியனைக் கவனிக்கிற ஆட்கள் அவர்களிடமும் இருந்ததால் விசயம் அடங்கியது. 2006 டிசம்பர் 6இல் ஜி.பி.எஸ். தடுமாறியது. 2015 நவம்பர் 4இல் சுவீடனில் விமான ராடர். புத்தி உள்ளவர்களே முதலில் எதிரியைத்தான் நினைத்தார்கள் என்றால், என் கடை வாசலில் நின்றவரை நான் எப்படிக் குறை சொல்ல?

இனி என் கோரிக்கை. 2024 மேயில் 13664 என்ற கரும்புள்ளிக் கூட்டம் நாளுக்குப் பல தரம் வெடித்துக்கொண்டிருந்த நாட்களில், நானும் பேரனும் முற்றத்தில் ஒரு கம்பி கட்டினோம். 20 மெகாஹேர்ட்ஸுக்குச் சரியான அளவு: நடுவில் வெட்டி, பக்கத்துக்கு மூன்றரை மீற்றர். இரண்டு கமுகங் கம்பம். பழைய சிற்றலை றேடியோ, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினோம். முதல் நாளே 'டிக்... டிக்...' என்று ஒழுங்காகக் கேட்டது, செக்கனுக்கு ஒன்று. பேரன் துள்ளினான். நான் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, இது சூரியன் இல்லை, யானை வேலி" என்றேன். வேலியின் மின் துடிப்பு. அதற்குப் பிறகு அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டார், எல்.ஈ.டி. குமிழ், மோட்டார் சைக்கிள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒன்று கேட்டது. கடற்கரையில் அலை எழும்பி மணலில் பரவுகிற மாதிரி, மெல்ல ஏறி, சரசரவென்று நிறைந்து, ஐந்தாறு செக்கனில் வடிந்துபோனது. இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அது சூரியன்தான் என்று நான் கோயிலில் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு கம்பி, இரண்டு காது. அதை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு ஊரில் இன்னொரு கம்பி அதே செக்கனில் அதையே பதிந்திருந்தால் சொல்லலாம், ஏனென்றால் முள்ளியவளை யானை வேலி துணுக்காயில் கேட்காது. ஹேயும் அலெக்சாண்டரும் செய்தது இதைத்தான். உலகம் முழுக்கக் சூரியனின் றேடியோவைக் கேட்கிற கலிஸ்ரோ என்ற மலிவான சுவிஸ் கருவிகள் இப்படி ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று மொரட்டுவையில், ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் இருக்கிறது. ஊட்டியிலும் ஒன்று. கொடைக்கானலில் நூறு வருசத்துக்கு மேலாகச் சூரியனைப் பார்க்கிறார்கள். 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கிற இந்தியாவின் சூரிய ஆய்வுக் கலம் ஆதித்யா எல்-1இன் திட்டத்தை நடத்திய நிகார் ஷாஜி தமிழ்நாட்டுச் செங்கோட்டைக்காரி. சுற்றிவர எல்லாரிடமும் இருக்கிறது, நடுவில் வன்னி மட்டும் வெறுமை, என் அண்ணையின் சிற்றலை மாதிரி.

இத்தனைக்கும் இடம் என்று பார்த்தால் எங்களுடையது நல்ல இடம். சித்திரை வருசப்பிறப்பு நாட்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு வருகிறது. ஆவணியில் திரும்ப ஒரு தரம். சூரியன் சரிவில் நின்றால் இந்த 20 மெகாஹேர்ட்ஸ் அலையை அயன் மண்டலம் மேலேயே திருப்பிவிடும். உச்சியில் நின்றால் ஊடுருவி வரும். தொழிற்சாலை இல்லை, இரைச்சல் குறைவு. யானை வேலியை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்க வேணும்.

ஆகவே ஆசிரியர் ஐயா, முதலில் அந்தத் தொலைபேசிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், கடைசிப் பக்கத்திலேயே, அதே எழுத்துப் பருமனில். இரண்டாவது, வன்னியில் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கிற இரண்டு பள்ளிக்கூடங்கள் ஒரு பழைய சிற்றலை றேடியோவும் பதிவு பண்ண ஒரு பழைய கணினியும் ஒதுக்கித் தந்தால், அன்ரெனா கட்டுகிற வேலையை நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன். உங்கள் பத்திரிகை ஊடாகக் கேட்டால் அதிபர்மாரின் காதில் விழும். சூரியனுக்கு 11 வருசச் சுற்று. 2024 ஒக்ரோபரில் உச்சத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இனி வெடிப்புகள் குறைந்துகொண்டுதான் போகும். அடுத்த உச்சத்துக்கு எனக்கு ஏணி ஏறுகிற வயது இராது.

செப்புக் கம்பி என்னிடம் இருக்கிறது. கமுகங் கம்பமும் இருக்கிறது. புதுக்குடியிருப்பு அண்ணை இதை வாசித்தால், அந்த 60 ரூபாவைக் கொண்டுவரத் தேவையில்லை. றேடியோ இன்னும் இருந்தால் அதைக் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
றேடியோ திருத்துகிற ஒரு வாசகன்,
முள்ளியவளை.